கையால் விதைத்த மைதானம்: கிளியர்வியூ கோல்ஃப் கிளப்பின் வரலாறு

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், கேன்டன் நகருக்குக் கிழக்கே, பழைய லிங்கன் நெடுஞ்சாலைப் பக்கம் ஈஸ்ட் கேன்டன் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே 1948இல் திறக்கப்பட்ட கிளியர்வியூ கோல்ஃப் கிளப், அன்று முதல் பவல் குடும்பத்தின் உழைப்பிலும் பொறுப்பிலும் வளர்ந்து வந்திருக்கிறது. ஆப்பிரிக்க அமெரிக்கர் ஒருவர் தாமே வடிவமைத்து, தாமே உருவாக்கி, தமது உடைமையாகவே நடத்திய கோல்ஃப் மைதானம் என்ற வகையில் அந்த நாட்டில் அதுவே முதலாவது. 2001இல் அது தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இடம்பெற்றது.

முக்கால் நூற்றாண்டைக் கடந்து நிற்கும் ஒரு நிறுவனத்தின் கதையில் ஆண்டுகளும் விருதுகளும் நிறைய இருக்கும். கிளியர்வியூவிலும் இருக்கின்றன. ஆனால் அந்தக் குடும்பத்தை நாம் வணங்கி நினைவுகூர வேண்டியது வேறொரு செயலுக்காக. மற்றவர்களின் மைதானத்தில் கால் வைக்கக் கூடாதென்று திருப்பி அனுப்பப்பட்ட ஒரு மனிதர், சொந்தமாக ஒரு மைதானம் கண்டார். கண்ட பிறகு, யாரையும் திருப்பி அனுப்பாத இடமாக அதை வைத்துக்கொண்டார். அவருடைய மனைவியும் மக்களும் அந்த நெறியைத் தங்கள் வாழ்நாள் வேலையாக ஏற்றுக்கொண்டார்கள். கிளியர்வியூவின் வரலாறு முழுவதும் இந்த ஒரே நெறியின் வரலாறுதான்.

மினர்வாவில் தொடங்கிய ஆர்வம்

வில்லியம் ஜேம்ஸ் பவல் 1916 நவம்பர் 22 அன்று அலபாமா மாநிலத்தின் கிரீன்வில்லில் பிறந்தார். பழகியவர்களுக்கு அவர் ‘பில்’. அலபாமாவில் அடிமைகளாக வாழ்ந்தவர்களின் பேரன் அவர். தெற்கு மாநிலங்களின் கெடுபிடிகளைத் தாங்க முடியாமல் இலட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் வடக்கே இடம்பெயர்ந்த காலம் அது. பவலின் குடும்பமும் ஓஹையோவின் மினர்வா என்ற ஊருக்குக் குடிவந்தது.

அந்த ஊரின் எட்ஜ்வாட்டர் மைதானத்தில், ஒன்பது வயதில், பில் கேடியாகப் போய்ச் சேர்ந்தார். ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து கூடவே நடப்பதும், புல்லுக்குள் மறைந்த பந்தைத் தேடிக் கொடுப்பதும் கேடியின் வேலை. தரை எந்தப் பக்கம் சரிகிறது, காற்று எப்படி வீசுகிறது, குழிக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்றெல்லாம் ஒரு கேடிக்குத் தெரிந்தாக வேண்டும். ஒரு மைதானத்தை அதன் மேடு பள்ளங்களோடு மனத்தில் பதித்துக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. கட்டடக்கலைக் கல்லூரி எதிலும் படிக்காத ஒருவர் பிற்காலத்தில் ஒரு முழு மைதானத்தையும் தாமே வரைந்து அமைக்க முடிந்ததென்றால், அதற்கான அடித்தளம் இங்கேதான் விழுந்தது.

பிறகு வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகம். கறுப்பின மாணவர்களுக்கென 1856இல் தோன்றிய அந்தக் கல்வி நிறுவனத்தின் கோல்ஃப் அணியில் பில் ஆடினார். அந்த அணி, வெள்ளையின மாணவர்கள் படித்த ஓஹையோ நார்தர்ன் பல்கலைக்கழக அணியை எதிர்த்து ஆடிய ஆட்டம், அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே இனத்தைக் கடந்து நடந்த முதல் கோல்ஃப் போட்டியாகக் குறிக்கப்படுகிறது. அதில் வில்பர்ஃபோர்ஸ் வென்றது.

போர் முடிந்து வந்தவருக்குக் கிடைத்த வரவேற்பு

இரண்டாம் உலகப் போரில் பில் பவல் அமெரிக்க இராணுவ விமானப் படையில் சேர்ந்து பிரிட்டனில் பணியாற்றினார். ஓய்வு நாட்களில் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் கோல்ஃப் ஆடினார். கோல்ஃப் பிறந்து வளர்ந்த அந்த மண்ணில் அவரைத் தடுத்து நிறுத்தி, ‘நீ யார்’ என்று கேட்டவர் இல்லை.

1946இல் சொந்த ஊர் திரும்பினார். எந்த நாட்டுக்காகப் போருக்குப் போனாரோ, அந்த நாட்டின் மைதானங்கள் அவருக்கு இடம் தர மறுத்தன. பொது இடங்களில் நிறம் பார்த்து ஒதுக்கக் கூடாதென்று 1884இலேயே சட்டம் இயற்றிய மாநிலம் ஓஹையோ. ஆனால் சட்டப் புத்தகத்தில் இருந்தது மைதான வாசலில் இல்லை. தொழில்முறை ஆட்டத்திலோ ஒளிவு மறைவே இல்லாத தடை. அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃபர் சங்கமான பிஜிஏ, வெள்ளையினத்தவர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று 1934இல் தனது விதிகளில் எழுதி வைத்தது. அந்த விதி நீங்கியது 1961இல்தான்.

ஆடவே இடமில்லை என்ற நிலையில், தாமே ஒரு மைதானம் அமைப்பது என்று பில் முடிவெடுத்தார். அதற்குப் பணம் வேண்டும். போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு வீடு, நிலம், தொழில் ஆகியவற்றுக்கான கடனுக்கு அரசே உத்தரவாதம் தரும் சட்டம் 1944இல் வந்திருந்தது. உத்தரவாதம் அரசுடையது என்றாலும், கடன் கொடுப்பதும் மறுப்பதும் உள்ளூர் வங்கிகளின் கையில் இருந்தது. கறுப்பின வீரர்கள் அங்கே வெறுங்கையோடு திரும்பினார்கள். மிசிசிப்பி மாநிலத்தின் 13 நகரங்களில் 1947இல் எடுக்கப்பட்ட கணக்கின்படி, இவ்வகையில் வழங்கப்பட்ட 3,229 கடன்களில் கறுப்பினத்தவருக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. வடக்கே ஓஹையோவில் பில் பவல் கேட்ட கடனும் மறுக்கப்பட்டது.

அந்த இடத்தில் கைகொடுத்தவர்கள் அவருடைய சொந்த மக்களே. கறுப்பின மருத்துவர்கள் இருவர் பங்குதாரர்களாகச் சேர்ந்து பணம் போட்டார்கள். அண்ணன் தம்பி உறவு எத்தகையது என்பதைச் சகோதரர் பெர்ரி காட்டினார். தமது வீட்டையே அடகு வைத்துப் பணம் திரட்டிக் கொடுத்தார். விளையாட்டுத் திடல் ஒன்றை நம்பி ஒருவர் குடியிருக்கும் வீட்டை ஈடு வைத்தார் என்பது இந்நிறுவன வரலாற்றில் முதல் வரியிலேயே எழுதப்பட வேண்டிய செய்தி.

பால் பண்ணை மைதானமானது

ஈஸ்ட் கேன்டனில் விலைக்கு வந்த 78 ஏக்கர் பால் பண்ணை ஒன்று வாங்கப்பட்டது. மேய்ச்சல் நிலமும் வேலிகளும் கல்லும் களையுமாகக் கிடந்த அந்த இடத்தில் மைதானப் பணி தொடங்கியது.

கோல்ஃப் மைதானம் அமைப்பதைப் பலரும் புல் வளர்ப்பது என்று எண்ணுகிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் வேலை மிகப் பெரிது. ஒவ்வொரு குழிக்கும் பந்தை முதலில் அடிக்கும் ‘டீ’, நெடுக ஓடும் ‘ஃபேர்வே’, முடிவில் குழியைத் தாங்கி நிற்கும் ‘கிரீன்’ என்று மூன்று வகை நிலம் வேண்டும். மூன்றுக்கும் மண் பக்குவம் வேறு, புல்லின் உயரம் வேறு. மழைநீர் எங்கே வந்து எங்கே வடியும் என்பதை முன்கூட்டியே பார்த்துத் தரையைச் சரிக்க வேண்டும். கிரீனில் புல் சில மில்லிமீட்டர் உயரத்திலேயே நிற்க வேண்டும். பந்து தடங்கலின்றி உருள வேண்டும். நாற்றங்காலைப் பார்ப்பதுபோல் அதை அன்றாடம் பார்க்க வேண்டும். ஓஹையோவின் குளிர்காலமோ கடுமையானது. பனி பெய்து, தரை உறைந்து, மறுபடி இளகும்போது முதலில் அடிபடுவது அந்த மென்புல்தான்.

பெரிய நிறுவனங்கள் வடிவமைப்பாளரையும் கனரக இயந்திரங்களையும் கொண்டு செய்கிற இந்த வேலையை, பில் பவலும் அவர் மனைவி மார்செல்லாவும் தங்கள் கையால் செய்தார்கள். வேலிக் கம்பங்களைப் பிடுங்கினார்கள். கற்களைப் பொறுக்கி அகற்றினார்கள். ஃபேர்வேக்களுக்கான புல்விதையைப் பில் கையாலேயே தூவினார். ஜீவனத்துக்கு, கேன்டனில் உருளைத் தாங்கிகள் செய்யும் டிம்கன் ஆலையில் காவலாளி வேலை. மாலையும் இரவும் ஆலையில் காவல், பகலெல்லாம் நிலத்தில் பாடு என்று ஆண்டுகள் கழிந்தன.

1948 ஏப்ரலில் ஒன்பது குழிகளோடு கிளியர்வியூ திறக்கப்பட்டது. பண்ணையை வாங்கி இரண்டே ஆண்டுகளில், பில் கேட்ட கடன் கிடைக்காமலே, அந்த மைதானம் ஆட்டத்துக்குத் தயாராகிவிட்டது.

யாரும் வரலாம்

கறுப்பினத்தவருக்கு மட்டும் என்று ஒரு பலகை மாட்டியிருந்தால் அன்றைய நிலையில் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. பில் பவல் அப்படிச் செய்யவில்லை. கட்டணம் செலுத்தி ஆட விரும்பும் எவருக்கும் கிளியர்வியூ முதல் நாளிலிருந்தே திறந்திருந்தது. இந்த மைதானத்தில் கவனிக்க வேண்டிய நிறம் புல்லின் நிறம் ஒன்றுதான் என்பது அவர் வகுத்த நெறி.

அந்த நெறிக்கு விலை இருந்தது. வசைகளைக் கேட்க வேண்டியிருந்தது. மைதானத்துக்குச் சேதம் விளைவித்தவர்களும் உண்டு. சேதத்தைச் சரிசெய்து, மறுநாள் வழக்கம்போல் மைதானத்தைத் திறப்பதே அந்தக் குடும்பத்தின் பதிலாக இருந்தது. இதைப் பொறுமை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது போதாது. அதற்குப் பெரிய மன உறுதி வேண்டும். அவமதிக்கப்பட்டவர் தம் கையில் அதிகாரம் வந்ததும் மற்றவரை அவமதிப்பது உலகத்தில் அடிக்கடி நடப்பது. கையில் வந்த அதிகாரத்தை அப்படிப் பயன்படுத்த மறுத்த ஒரு குடும்பத்தை இங்கே காண்கிறோம். அருகிலுள்ள ஊர்களிலிருந்து ஆலைத் தொழிலாளரும் கடைக்காரரும் ஆசிரியரும் வந்து ஆடினார்கள். பக்கத்துப் பக்கத்தில் நின்று ஆடியே பழகாத இரு இனத்தவர், கிளியர்வியூவில் ஒரே குழிக்கு அடுத்தடுத்துப் பந்தை அடித்தார்கள்.

பின்னர் பங்குதாரர்களின் பங்குகளையும் குடும்பமே வாங்கிக்கொண்டது. வருமானத்தில் மிச்சம் பிடித்துப் பக்கத்து நிலமும் சேர்க்கப்பட்டு, மைதானம் 130 ஏக்கராக விரிந்தது. 1978இல் மேலும் ஒன்பது குழிகள் அமைந்து, 18 குழிகள் கொண்ட முழு மைதானமாயிற்று. ஒன்பதிலிருந்து பதினெட்டுக்கு வர முப்பது ஆண்டுகள் ஆயின. கடன் கிடைத்திருந்தால் சில ஆண்டுகளில் முடிந்திருக்கும் என்பதையும் வரலாறு குறித்துவைக்க வேண்டும். தாமதத்தின் காரணம் அந்தக் குடும்பத்தின் உழைப்பில் இருந்த குறை அல்ல.

மார்செல்லா அம்மையார்

நிறுவன வரலாறுகளில் நிறுவனரின் பெயர் பெரிதாக அச்சாகும். அவர் மனைவியின் பெயர் ஒரு வரியில் முடிந்துவிடும். கிளியர்வியூவுக்கு அது பொருந்தாது. கணவர் இரவு வேலைக்குப் போய்வந்த ஆண்டுகளில் வீடும் நிலமும் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் மார்செல்லாவின் பொறுப்பில் இருந்தன. மைதானம் உருவான காலத்திலும், அது நடந்த காலத்திலும் எல்லா வேலையிலும் அவர் பங்கு இருந்தது. பெண் பிள்ளை தொழில்முறை கோல்ஃப் ஆடப் போகிறாள் என்பது நினைத்துப் பார்க்கவே அரிதான காலத்தில் மகளைத் துணிந்து அனுப்பி வைத்தவரும் அவரே. 1996இல் அம்மையார் மறைந்தார். 1992இல் தேசிய கோல்ஃப் அறக்கட்டளை, ஜாக் நிக்லஸ் பெயரிலான சிறந்த கோல்ஃப் குடும்ப விருதைப் பவல் குடும்பத்துக்கு வழங்கியபோது, அதை அவர் கண்ணால் காணக் கொடுத்து வைத்திருந்தது.

மண்ணைக் காத்த மகன்

மகன் லாரி, 1970களிலிருந்து மைதானப் பராமரிப்பைத் தம் தொழிலாக ஏற்றார். ஆட்டக்காரர்களின் பெயர்கள் நாளிதழில் வரும். மைதானக் கண்காணிப்பாளரின் பெயர் அந்த மைதானத்தில் ஆடுபவருக்கே பெரும்பாலும் தெரியாது. விடியுமுன் எழுந்து புல் வெட்டுவதும், பூஞ்சை நோய் தலைகாட்டுகிறதா என்று கிரீன்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வருவதும், வெயில் காலத்தில் தண்ணீரை அளந்து விடுவதும், குளிர்காலம் கழிந்ததும் பட்ட இடங்களை மறுபடி விதைத்துத் தேற்றுவதும் ஓயாத பணி. அப்பா கையால் விதைத்த நிலத்தை மகன் பல பத்தாண்டுகள் உயிரோடு காத்தார். வெளியே யாருடைய கண்ணிலும் படாத இந்த வேலை ஒரு பருவம் நின்றிருந்தாலும், பின்னால் வந்த விருதுகளுக்கு வைக்க ஓர் இடம் இருந்திருக்காது.

உலகம் சுற்றிய மகள்

கிளியர்வியூவின் பெயரை உலகுக்குக் கொண்டு சென்றவர் ரெனீ பவல். பண்ணை வாங்கிய அதே 1946இல் பிறந்தவர். அவர் குழந்தைப் பருவத்தோடு மைதானமும் சேர்ந்து வளர்ந்தது. மூன்று வயதில் அப்பா மட்டையைக் கையில் கொடுத்தார். பன்னிரண்டு வயதில் முதல் போட்டி. பதினைந்து வயதுக்குள் முப்பதுக்கு மேற்பட்ட கோப்பைகள் வீடு வந்தன. கல்லூரிக் காலத்தில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்குத் தலைமை ஏற்றார்.

1967இல் பெண்களுக்கான தொழில்முறைச் சுற்றான எல்பிஜிஏவில் சேர்ந்தார். அங்கே அவருக்கு முன் ஆடிய கறுப்பினப் பெண், டென்னிஸில் விம்பிள்டன் வென்ற ஆல்தியா கிப்சன் ஒருவரே. ரெனீ 1980 வரை 250க்கு மேற்பட்ட போட்டிகளில் ஆடினார். 1973இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நடந்த கெல்லி ஸ்பிரிங்ஃபீல்ட் ஓப்பன் போட்டியில் வென்றார். தங்க அறை தர மறுத்த விடுதிகளையும், உயிருக்கு மிரட்டல் விடுத்து வந்த கடிதங்களையும் தாண்டித்தான் அந்த ஆண்டுகள் கழிந்தன. மிரட்டல் வந்த மறுநாளும் திடலில் இறங்கி, கை நடுங்காமல் பந்தை அடிக்க வேண்டும். கிளியர்வியூவில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பயிற்சி வீட்டிலேயே கிடைத்திருந்தது.

1979இல் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்திலுள்ள சில்வர்மியர் கோல்ஃப் கிளப் அவரைத் தலைமைப் பயிற்றுநராக நியமித்தது. பிரிட்டனில் அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் பெண் அவர். அப்பா படைவீரராகப் போய் நின்ற நாட்டில், மகள் ஆசிரியராகப் போய் நின்றார். ஆப்பிரிக்க நாடுகளுக்கும் பலமுறை பயணம் செய்து கோல்ஃப் கற்றுக்கொடுத்தார்.

வெளிநாட்டிலேயே புகழோடு இருந்திருக்கலாம். அவர் ஈஸ்ட் கேன்டனுக்குத் திரும்பி வந்தார். 1995இல் கிளியர்வியூவின் தலைமைப் பயிற்றுநர் ஆனார். 1996இல் பிஜிஏ அவரை உறுப்பினராக ஏற்றது. எந்தச் சங்கம் அவர் தகப்பனாரின் இளமையில் கறுப்பினத்தவருக்குக் கதவடைத்ததோ, அதே சங்கம்.

படைவீராங்கனைகளுக்கு ஒரு திடல்

2011இல் ரெனீ பவல் கிளியர்வியூவில் தொடங்கிய திட்டம் இந்நிறுவனத்தின் நெறிக்கு மணிமகுடம். அதன் பெயர் ‘கிளியர்வியூ ஹோப்’. இராணுவத்தில் பணியாற்றித் திரும்பிய பெண்களுக்கு ஆண்டு முழுவதும் இலவசமாகக் கோல்ஃப் பயிற்சி அளிக்கும் திட்டம் அது. போர்ப்பணி உடலிலும் மனத்திலும் விட்டுச் சென்ற காயங்களோடு வருபவர்கள் அங்கே திறந்த வெளியில் நடக்கிறார்கள், ஆட்டம் கற்கிறார்கள், தம்மைப் போன்ற பெண்களோடு பேசிப் பழகுகிறார்கள். அதற்காக அவர்கள் ஒரு காசும் தர வேண்டியதில்லை.

படையிலிருந்து திரும்பிய ஒரு வீரருக்குக் கடனும் மறுக்கப்பட்டது, ஆட இடமும் மறுக்கப்பட்டது. அதனால் உருவான மைதானம் இன்று படையிலிருந்து திரும்புவோரைத் தேடி அழைக்கிறது. தமக்குக் கிடைக்காத உரிமையைப் பிறருக்குக் கிடைக்கச் செய்வதே பவல் குடும்பம் தேர்ந்துகொண்ட நீதி.

தேடி வந்த சிறப்புகள்

2001இல் தேசியப் பதிவேட்டில் கிளியர்வியூ ஏறியது. அதே ஆண்டு, மைதானத்தைக் காக்கவும் இளையோருக்குக் கல்வியும் பயிற்சியும் அளிக்கவும் கிளியர்வியூ லெகசி அறக்கட்டளை அமைந்தது.

2008இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் ரெனீ பவலுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. 1413இல் தோன்றிய அந்தப் பல்கலைக்கழகம் 2018இல் தனது மாணவர் விடுதி ஒன்றுக்கும் பவலின் பெயரைச் சூட்டியது. அதே ஊரில் 1754இல் தோன்றிய ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கோல்ஃப் கிளப், ஆண்கள் மட்டும் என்ற விதியை 2014இல் கைவிட்டது. 2015இல் முதன்முதலாகக் கௌரவ உறுப்பினர்களாக அது ஏற்ற ஏழு பெண்களில் ரெனீயும் ஒருவர். 2022இல் உலக கோல்ஃப் புகழ் மன்றம், கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு முன்னோடியான சார்லி சிஃபர்ட் பெயரில் ஒரு விருதை ஏற்படுத்தி, முதல் விருதை அவருக்கே அளித்தது.

2009 ஆகஸ்டில், மினசோட்டாவில் பிஜிஏ சாம்பியன்ஷிப் நடந்த வாரத்தில், அந்தச் சங்கம் தனது மிக உயர்ந்த சிறப்பான சேவை விருதைப் பில் பவலுக்கு வழங்கியது. அப்போது அவருக்கு வயது 92. அந்த ஆண்டின் கடைசி நாளான டிசம்பர் 31 அன்று, 93 வயதில், அவர் இயற்கை எய்தினார். அங்கீகாரம் மிகத் தாமதமாக வந்தது. என்றாலும் அதற்காக அவர் காத்துக்கொண்டிருக்கவில்லை. அறுபது ஆண்டுகளாக அவருக்கு மைதானத்தில் வேலை இருந்தது.

வாழ்த்து

கோல்ஃப் மேட்டுக்குடியினர் ஆட்டம் என்ற எண்ணம் எங்கும் உண்டு. அதிக நிலம், அதிக நீர், அதிகக் கட்டணம், உறுப்பினர் அல்லாதோருக்கு மூடிய கதவு என்று அந்த எண்ணத்துக்கு ஆதாரமும் உண்டு. ஓர் ஆலைக் காவலாளியும் அவர் மனைவியும் பழைய பால் பண்ணையில் அமைத்த மைதானம் அந்த வழக்கத்துக்கு எதிராக முக்கால் நூற்றாண்டுச் சான்றாக நிற்கிறது. அங்கே கட்டணம் செலுத்தும் தொழிலாளியும், அமெரிக்காவின் வேறெந்த மைதானத்தில் ஆடும் செல்வந்தரும் ஆடுவது ஒரே ஆட்டம்தான்.

நிறுவனம் நடத்தும் எவரும் கிளியர்வியூவிடமிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம் தெளிவானது. முதலீடு பெரிதாக இல்லாமலே ஒரு நிறுவனம் தொடங்கலாம், மெதுவாகவும் வளரலாம். ஆனால் அது யாருக்காக என்ற கேள்விக்கான விடையை முதல் நாளே முடிவு செய்ய வேண்டும். அந்த விடையை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தம் வேலையால் காப்பாற்ற வேண்டும். பில் பவலும் மார்செல்லாவும் விடையை முடிவு செய்தார்கள். பெர்ரி தம் வீட்டை ஈடு வைத்து அதற்கு வலுச் சேர்த்தார். லாரியும் ரெனீயும் தங்கள் ஆயுளை அதற்குக் கொடுத்தார்கள்.

இனி அந்தப் பொறுப்பு, அங்கே பயிற்சி பெறும் இளையோரிடமும் அறக்கட்டளையிடமும் மெல்லச் சேரும். நூற்றாண்டு விழாவைக் கிளியர்வியூ காண வேண்டும். அன்றும் அதன் 18 குழிகளில் முன்பின் அறியாத நால்வர் சேர்ந்து ஆட வேண்டும். பவல் குடும்பத்துக்கும், அந்த மண்ணில் உழைக்கும் ஒவ்வொருவருக்கும் நம் மனமார்ந்த வாழ்த்துகள்.